மேற்கு பார்த்து நின்ற கார்

என் கணவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தபோது மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. காரை ஹேண்டில் போட்டுக் கிளப்பும்போது என்ஜின் எதிர்த்து உதைத்து, இரும்புக் கைப்பிடி திரும்பிச் சுழன்று அவர் கையில் அடித்துவிட்டது. அது உலகப்போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த கார். இவர் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று பேர் ஓட்டித் தேய்த்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைப் பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் நத்தத்துக்கும் வாடகைக்குக் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் பிழைப்பு.

கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, துணியால் இறுகச் சுற்றிவிட்டுப் போனார். கை கூடும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். அந்தக் கட்டின் வாடை எங்கள் ஒற்றை அறையில் நாளுக்கு நாள் கனத்தது. அவருக்குச் சோறு பிசைந்து வைக்க வேண்டும், சட்டைப் பித்தான் போட்டுவிட வேண்டும். மகளுக்கு வயிற்றுப்போக்கு வேறு. கிழித்துவைத்த பழைய வேட்டித் துணிகளை அலசிக் கொடியில் போடுவதற்குள் அடுத்த துணி நனைந்துவிடும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று பயந்து நின்றுகொண்டே இருந்த காலம் அது.

வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக என் தம்பி வந்தான். அகரத்தை அடுத்த ஊரில் எங்கள் பிறந்த வீட்டுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. கத்தரியும் வெங்காயமும் போடுவார்கள். தம்பி லாரியில் ஓடிப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தான். காலையில் சைக்கிளில் வருவான். ஹேண்டில்பாரில் ஒரு தூக்குவாளியில் மகளுக்குப் பால் தொங்கும். சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, காலி வாளியை மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவான்.

அவன் வந்த முதல் நாளே என் கணவர் என்னிடம் சொன்னார்.

"இந்தா, காலைல ஆயில் பாக்குறது இனிமே உன் வேல."

"நானா? தம்பி பாத்துக்க மாட்டானா?"

"ஓட்டுறவன் ஒருத்தன், பாக்குறவன் ஒருத்தனா இருக்கணும். நீ பள்ளிக்கூடத்துல பத்து முடிச்சவ. சொன்னா புரிஞ்சுக்குவ."

அவரால் ஒற்றைக் கையால் முடியாது என்பதும் உண்மைதான். அந்தக் காரின் பானெட் நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் சிறகு மாதிரித் திறப்பது. ஒரு கையால் சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அளவுக் கம்பியை உருவ வேண்டும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அதைச் செய்யப் பழகினேன். பானெட்டைத் தலையால் முட்டுக்கொடுத்துத் தாங்குவேன்.

காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்றதால் மேலே ஒட்டியிருந்த ஆயில் எல்லாம் கீழே வடிந்து சேர்ந்திருக்கும். கம்பியை உருவி, துணியால் சுத்தமாகத் துடைத்து, மறுபடி அடிவரைக்கும் செருகி, மெதுவாக உருவிப் பார்க்க வேண்டும். முதலில் உருவியதில் தெரிவது கணக்கில்லை. கம்பியில் இரண்டு கோடுகள். மேல்கோட்டைத் தொட்டால் நிறைவு. கீழ்கோட்டுக்கு இறங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது. விரலில் தொட்டுத் தேய்த்து, நெருநெருவென்று பொடி தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பட்டறைகளில் கை துடைக்கிற வேஸ்ட் நூல் ஆகாது, பிசிறு ஒட்டி உள்ளே போய்விடும் என்று அவர் சொன்னதால், மகளுக்கு வைத்திருந்த துணிகளிலிருந்துதான் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை பார்த்தால் எனக்கு மனம் அடங்காது. துடைத்து மறுபடி பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை போனதும் திரும்பி வருகிற ஜாதி நான். "கம்பிய தேச்சுத் தேச்சு கோட்ட அழிச்சிராத" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வண்டியின் கையேடு இங்கிலீஷில் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு வரியாக நான்தான் அவருக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். சமதளத்தில் நிறுத்தி ஆயில் பார்க்கவும் என்ற வரியையும் படித்தேன். "நம்ம வாசல் சமமாத்தான இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் எப்போதும் காரைக் கிழக்குப் பார்த்துத்தான் நிறுத்துவார். காலையில் அதன் முகத்தில் முதல் வெயில் விழ வேண்டும். ரேடியேட்டர் மூடியில் விபூதி பூசி ஒரு பூ வைப்பார். தம்பியும் முதல் சில நாள் அப்படியே நிறுத்தினான். மேல்கோடு ஒழுங்காக நனைந்திருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் வண்டியை மேற்குப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான்.

"ஏன் மாப்ள, வண்டி முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?" என்றார் இவர்.

"ஹேண்டில் போட பயமா இருக்கு மச்சான். உங்க கையப் பாத்தப்புறம் ராத்திரி சொப்பனமே அதுதான். இப்பிடி நிறுத்துனா காலைல பிரேக்க விட்டு உருட்டி, கியரப் போட்டா தானா பிடிச்சுக்கும்."

எங்கள் சந்து கிழக்கே லேசாக ஏறும், மேற்கே இறங்கும். நடப்பவர்களுக்குத் தெரியாது. சைக்கிளில் வருகிறவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு கை போனது போதும்னு பாக்குறேன். வெள்ளிக்கெழமையாவது கெழக்கப் பாக்க நிறுத்து" என்று இவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பியில் ஆயில் மேல்கோட்டை விட்டு வெகுவாக இறங்கியிருந்தது. இரண்டு கோட்டுக்கும் பாதிக்குக் கீழே. துடைத்துப் பார்த்தேன், மறுபடியும் அதேதான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மண்ணில் ஒரு சொட்டும் இல்லை. போய் அவரிடம் சொன்னேன்.

"நேத்து நெறைய இருந்துச்சு. நேத்து வாடகைக்கும் போகல, ஸ்டாண்டுக்குப் போயிட்டு வந்தான், அம்புட்டுதான். ஒழுகவும் இல்லங்கிற. அப்ப எங்க போச்சு?"

டின்னில் மிச்சமிருந்த கொஞ்சத்தை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதற்குப் பிறகும் மேல்கோட்டுக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, எதையோ யோசித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க தோட்டத்துல கெணத்துக்கு ஆயில் இன்ஜின் தான வச்சிருக்காங்க?"

"ஆமா."

"அதுக்கும் ஆயில் மாத்தணும்ல."

நான் வெஞ்சனம் எடுத்து வைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"வரும்போது தூக்குவாளில பால் வருது. போகும்போது என்ன போகுதுன்னு யாரு மூடியத் தெறந்து பாத்தா?"

"அவன் அப்பிடிச் செய்யமாட்டாங்க."

"செஞ்சான்னு நான் சொல்லல. நீ தெனம் பாத்துச் சொல்லு. கம்பி சொல்லட்டும்."

அதிலிருந்து காலையில் கம்பியை மூன்று தரம் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். கம்பியில் ஆயில் குறைந்தால் தம்பி திருடன். ஊரில் இது தெரிந்தால் பிறகு என் அப்பா எந்த முகத்தோடு இந்த வாசலுக்கு வருவார், நான் எந்த முகத்தோடு அங்கே போவேன் என்று நினைப்பேன். ஒரு காலை, ஆயில் கீழே இருந்தும், "சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். தம்பி பழனிக்கு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். ஒருவேளை நிஜமாகவே குறைந்திருந்தால்? ஒட்டன்சத்திரம் தாண்டி என்ஜின் இறுகி நின்றால்? வண்டி போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போனவள் திரும்பி ஓடிவந்து, "இருங்க, நான் சரியாப் பாக்கல, கொறவாத்தான் இருக்கு" என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில், முதலில் சொன்னது எதற்காக என்று புரிந்துகொண்டது தெரிந்தது. தம்பி ஒன்றும் தெரியாமல் புன்னகைத்தான். "அக்காவுக்கு எதையும் நாலு தரம் பாக்கணும்" என்று வந்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கடையில் ஆயில் வாங்கிவரப் போனான்.

வியாழன் சாயங்காலம், மறுநாள் வெள்ளிக்கிழமைக்காகக் கிழக்குப் பார்த்து நிறுத்தினான். காலையில் பார்த்தால் மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரல் உயரத்துக்கு ஆயில் நின்றது. எனக்கு அப்போது வந்த நிம்மதி சொல்லி முடியாது. குறையவே இல்லை, பாருங்கள் என்று சொல்ல ஓடினேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "பயந்துட்டான்" என்றார்.

"யாரு?"

"வெள்ளிக்கெழம சாமிக்குப் பயந்து எடுத்தத திருப்பி ஊத்தியிருக்கான். நாம ஊத்துனதுக்கு இம்புட்டு ஏறாது. நாளைக்குப் பாரு."

சனிக்கிழமை வண்டி மேற்குப் பார்த்து நின்றது. ஆயில் இறங்கியிருந்தது.

"மேற்கப் பாத்து நிறுத்துனதுல இருந்தே இந்த வீட்டுல எண்ணெய்கூட தங்கமாட்டேங்குது" என்று முனகினார். திசையில் என்ன இருக்கிறது, இவருடைய மூடநம்பிக்கை என்று நான் மனதுக்குள் தள்ளிவிட்டேன். உண்மையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்பது அவருக்கும் தெரியவில்லை, படித்த எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஆயில் மாற்ற வேண்டிய கெடு வந்தது. "மாத்தி முடிக்கட்டும். அன்னைக்கே அவன்கிட்ட கணக்கக் கேட்டு அனுப்பிர்றேன். சத்தம் போடமாட்டேன், பயப்படாத" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. மெதுவாகச் சொன்னால் அந்தச் சொல் மனதில் எப்போதும் நிற்கும்.

அன்று தம்பி ஒரு சவாரி போய்விட்டு வந்ததும் வண்டியை மேற்குப் பார்த்தே நிறுத்தினான். ஆயில் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். ஆறிவிட்டால் அழுக்கு எல்லாம் அடியிலேயே படிந்துவிடும், ஆயில் மட்டும்தான் வரும். மண்ணெண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் வெட்டித் தொட்டி மாதிரி வைத்திருந்தோம். அதை அடியில் தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றை விரலால் கழற்றிக் கையை வெடுக்கென்று எடுத்தான். கறுத்த ஆயில் கயிறு மாதிரி இறங்கியது. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அவசரப்படாத மாப்ள. கடைசிச் சொட்டு வரைக்கும் வரட்டும்."

"எனக்கென்ன அவசரம் மச்சான். வெயில்ல படுத்தா முதுகுவலி போயிருதுன்னு எங்கய்யா சொல்லும்."

சொட்டு நின்றதும் நட்டைத் துடைத்து, அதன் செம்பு வளையம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மாட்டி முறுக்கினான். டின்னை வெளியே இழுத்து அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

"எம்புட்டு வந்திருக்குன்னு பாரு" என்று இவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி டின்னுக்குள் விட்டேன். பாதி விரல் ஆழம்கூட இல்லை. வழக்கம்போல மனம் கேட்கவில்லை. துடைத்துவிட்டு, டின்னின் மறுகோடியில் விட்டுப் பார்த்தேன். அங்கே ஈர்க்கு மூன்று விரலுக்கு நனைந்தது. திரும்பவும் முதல் கோடியில் விட்டேன். பாதி விரல்தான்.

நான் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டு கோடியையும் இன்னொரு தரம் அளந்தேன்.

"என்னங்க, இந்தப் பக்கம் கொறவா இருக்கு, அந்தப் பக்கம் நெறைய இருக்கு."

"டின்னு சாஞ்சிருக்கு. மேற்க இறக்கம்ல."

"வண்டியும் அப்பிடித்தான சாஞ்சு நிக்குது?"

அவர் டின்னைப் பார்த்தார். பிறகு வண்டியின் மூக்கைப் பார்த்தார். அளவுக் கம்பி என்ஜினின் பின்பக்கத்தில் இருக்கிறது. மூக்கு இறக்கத்தில் இருந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடும். இதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பி துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தான்.

புது ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும் என்றேன். கையேட்டில் ஆறு பைண்ட் என்று இருந்தது. கடைகளில் அப்போதுதான் லிட்டர் அளவு வந்திருந்தது. பைண்டை லிட்டராக மாற்றி இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்து, புனலில் துணி கட்டி, தம்பி ஊற்ற ஊற்ற நான் அளந்து கொடுத்தேன். என்ஜினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, செத்த நேரம் காத்திருந்து கம்பியை உருவினேன். பாதிக்குக் கீழே.

"வண்டியத் திருப்பிக் கெழக்கப் பாக்க நிறுத்துடா" என்றேன்.

"எதுக்குக்கா? இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்லியே."

"நிறுத்தேன்."

சந்து முனைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். மறுபடி காத்திருந்தோம். இந்த முறை அவனே கம்பியை உருவினான். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. அளந்து ஊற்றியதற்கு மேல் ஒரு சொட்டு சேர்க்கவில்லை.

"பாருங்க மச்சான், இது வேடிக்கையா இருக்கு. நின்ன எடத்துலயே கூடுது, கொறையுது."

இவர் எழுந்து வந்து இடது கையால் கம்பியை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப இத்தன வருஷமா கெழக்கப் பாக்க நிறுத்திட்டு நெறஞ்சிருக்கு நெறஞ்சிருக்குன்னு பாத்திருக்கேன். பாவம், அரை வயித்தோட ஓடியிருக்கு" என்றார். வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

"அப்ப ஆயில் கொறஞ்சதுன்னு எல்லாரும்..." என்று ஆரம்பித்த தம்பி நிறுத்திவிட்டான். டின்னைப் பார்த்தான். என் கையில் இருந்த ஈர்க்கைப் பார்த்தான். சைக்கிளில் தொங்கிய தூக்குவாளியையும் பார்த்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவன் முட்டாள் இல்லை.

"தெனம் காலைல புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நீ கம்பிய உருவுனது இதுக்குத்தானாக்கா?"

நான் மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ வண்டி வேல கத்துக்கிறன்னு நெனச்சேன். ஊர்ல பெருமையாச் சொன்னேன். எங்கக்கா இங்கிலீஷ் கார் ஆயில் பாக்கும்னு."

"மாப்ள, அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

"சரி மச்சான்."

அவனை நான் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் ஒரு நிமிடம் நினைத்திருந்தேன். சந்தேகம் இருந்த நாளெல்லாம் அவனுக்கு அது தெரியாது. அது தீர்ந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. திருப்பி நிறுத்து என்று சொல்லாமல், அவன் போன பிறகு கணவரிடம் தனியாக விளக்கியிருக்கலாமோ என்று பலமுறை யோசித்துவிட்டேன். விளக்கினால் நம்பியிருப்பாரா என்றும் யோசித்துவிட்டேன். எனக்கு எதிலும் முடிவு வருவதில்லை.

மறுநாள் அவன் வரமாட்டான் என்று பயந்தேன். வந்தான். பாலைக் கொடுத்தான். வண்டியை இனி ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கத்துச் சமமான இடத்தில் நிறுத்திப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு, வண்டியை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, கம்பியை உருவி, சொட்டாமல் அடியில் துணியை ஏந்திக்கொண்டு நிலைப்படிக்கு வந்து நீட்டினான்.

"பாத்துக்கக்கா."

"எதுக்குடா இந்தச் சரிஞ்ச வாசல்ல கொண்டாந்து காட்டுற? போடா."

"நீதான பாக்குற ஆளு."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். இவர் கைக்கட்டை அவிழ்க்கும்வரை ஒவ்வொரு காலையும் அப்படியே கொண்டுவந்து காட்டினான். நான் அடுப்படியில் இருந்தாலும், மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை வாசலில் நிற்பான். நிலைப்படியில் விழுந்த ஆயில் சொட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது என் வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. இவர் உள்ளே தினத்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் தம்பி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டான். பாலுக்கு ஊரிலிருந்து வேறு வேறு வாளி கொண்டுவந்தான். எங்கள் வீட்டு மூலையில் காலி வாளிகள் சேர்ந்துகொண்டே போயின.

இவருக்குக் கை கூடியது. மணிக்கட்டு மட்டும் முழுசாகத் திரும்பாது. தம்பி ஊரோடு போய்விட்டான். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் காது குத்துக்கு வந்தான், பொங்கலுக்கு வருகிறான், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேட்டைக் கடைவீதியெல்லாம் சுற்றுகிறான். என்னோடும் சிரித்துத்தான் பேசுகிறான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, இவர் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாப்ள, செத்த இங்க வந்து பாரேன். சத்தம் ஒரு மாதிரியா இருக்கு" என்று கூப்பிட்டார். அவர் அப்படி யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

தம்பி எழுந்து வாசல்வரை போனான். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றான். "கையெல்லாம் எண்ணெயாயிரும், புள்ளையத் தூக்கணும்."

உள்ளே வந்து மகளைத் தூக்கிக்கொண்டான்.